பூசணி அளவு மண்

தேங்காய் அளவு மண் வரைக்கும் சக்கரம் என் பேச்சைக் கேட்டது. அதற்கு மேல் ஒரு பிடி கூடினாலும் என் கைகள் வேறு யாருடைய கைகளோ ஆகிவிடும். சுழலும் தட்டின் நடுவில் மண்ணை ஆடாமல் நிறுத்துவதுதான் இந்த வேலையின் முதல் படி. அது நின்றால்தான் குழி விழும், சுவர் எழும், பானை வரும். நடுவை விட்டு ஒரு விரல் விலகி நின்றாலும் சுவரின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, கழுத்துக்கு வரும்போது பானை கையோடு கிழிந்து வந்துவிடும். எங்களுக்குத் தேவைப்பட்டது பூசணி அளவு மண். தேங்காய்க்கும் பூசணிக்கும் இடையே இருந்த அந்தத் தூரத்தைக் கடந்துவிட அந்தக் குளிர்காலம் முழுவதும் முயன்றுகொண்டிருந்தேன். கடக்க முடியாவிட்டால் என் அண்ணி மறுபடியும் செருப்புக் கம்பெனிக்குப் போயாக வேண்டும்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே விடியற்காலை முதல் பேருந்தில் மலையிறங்கி, ஆலங்காயத்தில் கம்பெனி வேன் ஏறி, வாணியம்பாடிப் பக்கம் வேலைக்குப் போய்வந்தவர். செருப்பின் அடிப்பாகத்தில் பசை தடவி ஒட்டும் பிரிவு. அந்தப் பசையை அங்கே 'சொல்யூஷன்' என்பார்கள். அதன் வாடை அவருடைய புடவையில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், அவர் பிசைந்து போடும் சோற்றில்கூட இருக்கும். சில ஆண்டுகளில் அது மூச்சிலும் ஏறியது. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் சிறிய மேட்டில் அவர் நின்று நின்று ஏறத் தொடங்கினார். அரசு மருத்துவமனையில் பார்த்த மருத்துவர், பசை வாடை அடிக்கும் இடத்தில் இனி நிற்கவே கூடாது என்றார். அங்கிருந்த செவிலியர் ஒரு மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். மேட்டின் பாதியில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் அப்படி ஊதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் திருவண்ணாமலையில் சமூகப்பணி படித்தேன். படித்துவிட்டு ஊருக்கே திரும்பினேன். ஒரு தொண்டு அமைப்பு எங்கள் ஊரில் தகரக் கொட்டகை போட்டு, மின்சாரத்தில் ஓடும் மண்சக்கரங்களையும் பானை சுடும் ஓர் உலையையும் வைத்தபோது, பெண்களைச் சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். கம்பெனிக்குப் போகிறவர்களிடம்தான் அதிகம் பேசினேன். மலையை விட்டு இறங்காமலே வேலை, பசை வாடை இல்லாத வேலை என்றேன். சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் நம்பித்தான் சொன்னேன். அண்ணி கடைசியாகத்தான் சம்மதித்தார். ஆனால் எல்லோருக்கும் முன்னால் வேலையை விட்டவர் அவர்தான்.

பயிற்சி கொடுக்க வந்தவர் கோப்பை, அகல், சின்னத் தேன்குடுவை வரைக்கும் கற்றுக்கொடுத்தார். பிறகு திட்டக் காலம் முடிந்தது. அமைப்பு வேறு மாவட்டத்துக்குப் போனது. கொட்டகையும் சக்கரமும் எங்களிடம் இருந்தன, வாங்குவதற்குத்தான் ஆளில்லை. டீக்கடைகளில் காகிதக் கோப்பை இருக்கும்போது எங்கள் மண் கோப்பையை யார் கேட்பார்கள்? கார்த்திகைக்கு அகல் போனது, அவ்வளவுதான். சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவராக மறுபடியும் காலைப் பேருந்துக்கு நின்றார்கள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. 'வர்றேன் பாப்பா' என்று சிரித்துவிட்டு ஏறினார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் கொட்டகையில் நானும் அண்ணியும் மட்டும் மிஞ்சினோம்.

அந்த நிலையில்தான் வாணியம்பாடி பாய் வந்தார். கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்துகொடுப்பவர். புளி வாங்க மலைக்கு வந்தவர், கொட்டகையைப் பார்த்து உள்ளே எட்டிப்பார்த்தார். அலமாரியில் வரிசையாக இருந்த கோப்பைகளில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அது அவர் கையில் காணாமல்போனது.

"இன்னாமா இது, சொப்பு சாமானா?"

"டீ கப்பு பாய்," என்றேன்.

"இதுல ஊத்துனா என் மீசைகூட நனையாதே."

அண்ணி மண் பிசைந்துகொண்டே நிமிராமல் சொன்னார்: "உங்க மீசைக்கு நாங்க அண்டாதான் செய்யணும்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "அதைத்தாம்மா நானும் கேக்குறேன். அண்டா செய்யி, நான் எடுத்துக்கறேன்."

அது வேடிக்கைப் பேச்சில்லை என்று பிறகுதான் புரிந்தது. அவர் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பல்லாம் கல்யாணத்துல மண்பானை பிரியாணின்னாதான் மவுசு. கீழ கிடைக்கிற பானைக்கு அடி உருண்டை. பந்தியில வெச்சா உருளுது. போன மாசம் மாப்ள மடியிலேயே போய் உக்காந்துகிச்சு. எனக்கு அடி தட்டையா, வாய் அகலமா, ஒரு மேசைக்காரங்க துன்ற அளவுக்கு வேணும். மாவு ஒட்டி தம் போட்டு, அப்படியே எடுத்தாந்து பந்தியில தொறக்கணும். முடியுமா?"

"எப்போ வேணும் பாய்?"

"ரம்ஜான் முடிஞ்சா கல்யாணம் ஆரம்பிச்சிரும். அதுக்கு முந்தி ஒண்ணு, ஒரே ஒண்ணு செஞ்சு காட்டு. நல்லா வந்துச்சுன்னா வருஷம் பூரா நானே எடுக்கறேன். வரலன்னா ஆந்திராவுல ஒரு ஆளு கீறான், அவங்கிட்ட சொல்லிருவேன். கோச்சுக்காதேமா, எனக்குப் பானை வேணும்."

முடியும் என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. விளைவைக் கணக்கிடாமல் நான் எதற்கும் வாய் திறப்பதில்லை. அண்ணியை அழைத்துவந்த பிறகு அந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டிருந்தது. அண்ணிதான் சொன்னார்: "பாப்பா செய்யும், பாய்."

அன்றிலிருந்து என் நாட்கள் எல்லாம் அந்த ஒரு உருண்டையைச் சுற்றியே ஓடின.

கோப்பைக்கான மண்ணை நிறுத்துவது ஏறக்குறைய விரல்களின் வேலை. பூசணி அளவு மண் அப்படி இல்லை. தட்டில் அறைந்து ஒட்டிவிட்டுச் சக்கரத்தை ஓட விட்டால், அது தன் கனத்தோடு ஒரு பக்கமாக எகிறி எகிறி வரும். இடது உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளி, வலது கையால் மேலிருந்து அழுத்தி, கூம்பாக எழுப்பி, மறுபடியும் கீழே இறக்கி, அது சாந்தமாகும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன். அது என்னைப் பிடித்து ஆட்டியது. மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஆட்டம் ஏறி, கடைசியில் நாற்காலியோடு நானும் ஆடிக்கொண்டிருப்பேன்.

முதலில் மண்ணைக் குறை சொன்னேன். கோப்பைக்குப் பிசையும் கெட்டியில் பெரிய மண்ணைப் பிசைந்தது தவறு என்று கண்டுபிடித்து, இன்னும் இளக்கமாகப் பிசையச் சொன்னேன். அண்ணி பிசைந்து கொடுத்தார். பிறகு மின்சாரத்தைக் குறை சொன்னேன். அதுவும் பொய்யில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் மோட்டார் போட்டுவிட்டால் விளக்கே மங்கிவிடும். நான் மண்ணில் கை வைத்து அழுத்தியதும் சக்கரம் முனகிக்கொண்டு நின்றுவிடும். அதனால் யாரும் மோட்டார் போடாத அதிகாலையில் வர ஆரம்பித்தேன். சக்கரம் நிற்காமல் ஓடியது. மண்தான் நிற்கவில்லை. குளிரில் விரல்கள் மரத்துப்போகும். வாளித் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள்வேன். சற்று நேரத்தில் அதுவும் ஆறிவிடும்.

ஒரே உருண்டையாக முடியாவிட்டால் இரண்டாக முயலலாம் என்று தோன்றியது. தேங்காய் அளவு மண்ணை நடுவில் நிறுத்திவிட்டு, அதன் தலையில் இன்னொரு தேங்காய் அளவு மண்ணை அறைந்து, மேலுள்ளதை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். நின்றது. குழி இறக்கி, சுவரை எழுப்பும்போது, இரண்டும் சேர்ந்த இடத்தில் சிக்கியிருந்த காற்று ஒரு கொப்புளமாகப் புடைத்தது. அந்தக் கோட்டிலேயே பானை இரண்டாகக் கழன்று, மேல்பாதி ஒரு வளையமாக என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "வளையல் நல்லாக் கீது. இன்னொரு கைக்கும் ஒண்ணு செஞ்சுக்கோ," என்றான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளா போய்வருகிறவன். அந்தச் சமயம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அண்ணியின் இருமல் கேட்கும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். கோபத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவன் அத்தோடு நிறுத்தவில்லை. "டிகிரி வாங்கினவ தெனமும் சேத்துல குளிக்கிறா. இவ பேச்சக் கேட்டு ஒருத்தி வேலைய வுட்டுட்டு ஒக்காந்துகினு கீறா. அங்க போனா இருமலு, இங்க இருந்தா அடுப்பு எரியாது. எதச் சொல்றது நானு?"

வளையத்தைக் கழற்றி வாளியில் போட்டேன்.

அண்ணியின் இருமல் அந்த நாட்களில் குறைந்திருந்தது. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது. களிமண் காய்ந்தால் எழும் தூசியும் நெஞ்சுக்கு நல்லதல்ல என்று படித்திருந்தேன். அதனால் கொட்டகையில் துடைப்பத்துக்கே இடமில்லை, ஈரச் சாக்கால்தான் துடைப்போம். ஒரு தீங்கிலிருந்து அழைத்துவந்தவரை இன்னொரு தீங்கில் உட்காரவைக்கக் கூடாது. அவர் இப்போது மேட்டில் நிற்காமல் ஏறினார். பேசிக்கொண்டே ஏறினார். இதை எல்லாம் என் கையில் அடங்காத ஒரு மண் உருண்டை திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறது என்று நினைத்தால், அதிகாலையில் கொட்டகையின் கதவைத் திறக்கவே பயமாக இருக்கும்.

பயந்தது நடந்தது. ஒரு மாலை, நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி சாதாரணமாகச் சொன்னார்: "சூப்பர்வைசரு போன் பண்ணான். எடம் காலியா கீதாம். திங்கக்கெழம வர்றேன்னு சொல்லிட்டேன்."

"அண்ணி, பாய் சொன்ன கெடு இன்னும் இருக்குதே."

"கெடு கீது. அரிசி இல்லையே. திங்கக்கெழம வரலன்னா வேற ஆளப் போட்டுருவானாம்."

"ஒட்டற எடத்துலேயேவா?"

"வேற எங்க போடுவான்? எனக்குத் தெரிஞ்ச வேல அதான்."

"மூச்சு?"

"இப்பல்லாம் மாஸ்க்கு குடுக்கறாங்களாம்." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த சாக்கை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

சனிக்கிழமை, ஒருவர் கை போதவில்லை என்றால் இருவர் கை வைக்கலாம் என்று நான் சொன்னேன். அதற்கு முன் யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. வேறு எதுவும் மிச்சமில்லாததால் தோன்றியது. நான் சக்கரத்தின் இந்தப் பக்கம் உட்கார, அண்ணி எதிரே குனிந்து நின்றார். பூசணி அளவு மண் எங்கள் நடுவில் எகிறியது. நான் தள்ளினேன். அவர் தள்ளினார். நான் தள்ளினேன். அவர் தள்ளினார். வெகு எளிதாக, யாரும் சொல்லாமலே எங்கள் கைகள் முறை வைத்துக்கொண்டன. அது நன்றாக இருப்பதாகவும் தோன்றியது. ஆனால் மண்ணின் எகிறல் குறையவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கூடியது. உருண்டை நீள்வட்டமாகி, ஒரு பக்கம் மூக்கு முளைத்து, கடைசியில் தட்டை விட்டுக் கிளம்பிப் பறந்துபோய்த் தகரச் சுவரில் மோதியது. ஊரே அதிரும் சத்தம்.

அண்ணன் ஓடிவந்தான். "இன்னா, கொட்டாய இடிக்கிறீங்களா?"

சுவரில் மண் சப்பாத்தி மாதிரி ஒட்டியிருந்தது. அது மெல்ல வழுக்கி இறங்குவதைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரிப்பு அவருக்கு இருமலாக மாறியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, வெகுநேரம் ஊதினார். அண்ணன் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் வாசலில் சாமை குத்தினார்கள். மில் கீழே ஆலங்காயத்தில்தான்; கொஞ்சமாக வேண்டுமென்றால் உரல்தான். ஒரே உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று குத்துவது எங்கள் ஊர் வழக்கம். ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவருடையது ஏற வேண்டும். ஒவ்வொரு இடிக்கும் வாயிலிருந்து 'ஸ்' என்று ஒரு குட்டி மூச்சு வெடிக்கும். அண்ணியும் அடுத்த வீட்டு அக்காவும் குத்திக்கொண்டிருந்தார்கள். நான் புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டேன்.

முந்தைய நாள் நாங்கள் செய்தது இதைத்தான். மண்ணை நாங்கள் குத்தியிருந்தோம். அண்ணியின் தோளும் என் தோளும் சிறு வயதிலிருந்து அறிந்த ஒரே கூட்டு வேலை அது. எதிரே ஒருவர் நின்றால் கை தானாக முறை வைக்கும், விட்டு விட்டு இடிக்கும். சாமைக்கு அது சரி. ஓர் இடத்தில் மட்டும் ஓங்கி அழுத்தி அடுத்த இடத்தில் விட்டுவிட்டால், சுழலும் மண் கோணாமல் என்ன செய்யும்? தனியாக முயன்றபோதும் நான் அப்படித்தான் இடித்திருக்கிறேன் என்பது அப்போது விளங்கியது. மேடு வந்து கையில் மோதும்போது விலகிக்கொடுப்பேன், பள்ளம் வரும்போது தள்ளுவேன். மண் சொல்வதற்கெல்லாம் இணங்கிப்போனேன். கை ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில், எது வந்து மோதினாலும் நிற்க வேண்டும். தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்த நாள் ஞாயிறு. மறுநாள் காலைப் பேருந்து.

அன்று மாலை நான் அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு வாக்குறுதியாகிவிடும். ஏற்கெனவே ஒரு முறை என் வாக்குறுதியை நம்பி அவர் வேலையை விட்டிருக்கிறார். கையில் பானை இல்லாமல், கண்டுபிடிப்பை மட்டும் காட்டி ஒருவரை நிறுத்திவைக்கும் உரிமை எனக்கில்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திங்கள் விடியும் முன்னே கொட்டகைக்குப் போனேன். பனி தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மண்ணை அறைந்தேன். முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, கையைக் கல்லாக்கிக்கொண்டு பிடித்தேன். ஆட்டம் குறைந்தது. நிச்சயமாகக் குறைந்தது. ஆனால் அடங்கி முடிவதற்குள் என் மூச்சு முடிந்துவிடும். மூச்சு வாங்கும் அந்த நொடியில் கை தளரும். அதற்குள் மண் பழையபடி எகிறும். மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் அதே இடத்தில் விட்டது. கரைக்குக் கையெட்டும் தூரத்தில் மூழ்குகிறவளைப் போல இருந்தது. கண்ணீர் வந்தது. கையெல்லாம் சேறு, துடைக்க முடியவில்லை.

அண்ணி வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை.

"வூட்டுச் சாவி," என்று நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இன்னா பாப்பா?"

"நடுவுக்கு வந்துடுது அண்ணி. கடைசியில என் மூச்சு பத்தல."

அவர் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேருந்துச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. பையையும் சாவியையும் அலமாரியில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டையை முதுகுப்புறம் தள்ளிவிட்டுக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகினார்.

"ஒரு தபா. பஸ்ஸு வந்தா நான் போய்டுவேன்."

"முறை வெக்காதீங்க அண்ணி. இது சாமை இல்ல. ரெண்டு பேரும் சேந்தே அழுத்தணும், வுடாம."

குனிந்து எதிரே கை வைத்தார். சக்கரம் ஓடியது. முதல் சில சுற்றுகளில் எங்கள் தோள்கள் பழைய வழக்கத்துக்கு நழுவப் பார்த்தன. நான் இல்லை என்று தலையாட்டினேன், அவர் புரிந்துகொண்டார். நான்கு கைகளும் ஒன்றாக அழுந்தின. மண் சீறியது.

"மூச்ச இன்னாத்துக்கு அடக்கற?" என்றார். "மூஞ்சி செவந்துபோச்சு. ஊது."

"இன்னாத்த ஊதறது?"

"கஞ்சி ஆத்தற மாதிரி. என்னப் பாத்து ஊது."

அவர் மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்தார். நானும் குவித்தேன். அந்த மேட்டின் பாதியில் நின்று அவர் தனியாக ஊதிய அந்த மூச்சை, இப்போது என் முகத்துக்கு நேரே ஊதினார். நீளமாக, சீராக, இடையில் ஒரு வெடிப்பும் இல்லாமல். என் மூச்சு அதன் பின்னால் போனது. கைகளும் மூச்சின் பின்னால் போயின. என் மூச்சு முடியும்போது அவருடையது ஓடிக்கொண்டிருந்தது. அவர் இழுக்கும்போது நான் ஊதிக்கொண்டிருந்தேன். கை மட்டும் எப்போதும் அழுந்தியே இருந்தது.

எப்போது அடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. கையில் மோதிக்கொண்டிருந்த ஒன்று மோதவில்லை. சக்கரம் நின்றுவிட்டதோ என்று பயந்து பார்த்தேன். சுழன்றுகொண்டுதான் இருந்தது. மண்ணின் மேலிருந்த தண்ணீரின் மினுமினுப்பு மட்டும் ஓடியது. மண் ஓரிடத்தில் நின்றது. பூசணி அளவு மண்.

அப்போது பேருந்தின் ஹாரன் கேட்டது.

இந்த வேலையில் கையை எடுப்பதும் ஒரு வேலை. அடங்கிய மண்ணிலிருந்து சட்டென்று கையை எடுத்தால், எடுத்த பக்கமாக அது சாய்ந்துவிடும். அவ்வளவு நேரம் செய்ததெல்லாம் போய்விடும். மெல்ல மெல்ல, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், மண்ணுக்குத் தெரியாமல் கையைப் பிரிக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் அந்தப் பேருந்து வழக்கமாக ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் நிற்கும். நடத்துநருக்கு அண்ணியை நன்றாகத் தெரியும். அவர் சாலையிலிருந்தே கூவினார்: "இன்னாக்கா, வர்றியா இல்லியா? ஆலங்காயத்துல வேனு போய்டும்!"

அண்ணி ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பஸ்ஸு," என்றேன். "போங்க. மண்ணு சாஞ்சா சாயட்டும். நான் மறுபடியும் பாத்துக்கறேன்." அதைச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பேருந்து போனால் அவருடைய இடமும் போய்விடும். மண் நடுவில் நின்றதே தவிர, பானை இன்னும் இல்லை. சுவர் எழ வேண்டும், காய வேண்டும், உலையில் வெடிக்காமல் வர வேண்டும், பாய்க்குப் பிடிக்க வேண்டும். இதில் எதற்கும் நான் உறுதி சொல்ல முடியாது.

ஹாரன் இன்னொரு முறை அடித்தது. அண்ணி முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பினார். கைகள் திரும்பவில்லை. "அக்கா வரலபோல, போலாம் ரைட்," என்ற குரல் கேட்டது. பேருந்து கிளம்பி, முதல் வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்டு, அடுத்த வளைவில் மெலிந்து, பிறகு கேட்காமல் போனது. அதுவரைக்கும் அவர் கை மண்ணில் இருந்தது. அதற்குப் பிறகுதான், வெகு மெதுவாக, ஒவ்வொரு விரலாக எடுத்தார். மண் அசையவில்லை.

"பஸ்ஸு போச்சு அண்ணி," என்றேன்.

"எனக்கும் காது கீது," என்றார் அண்ணி. நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சாப்பாட்டுப் பையின்மேல் போட்டார். "தண்ணி ஊத்து. மண்ணு காயுது."

ஊற்றினேன். இரண்டு கட்டைவிரல்களையும் மண்ணின் நடுவில் வைத்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே அழுத்தினேன். குழி விழ ஆரம்பித்தது.